புதுப் பித்தளைக்குப் பழைய முகம்: ஸ்போரன் உலோகங்களைக் கருக்க எந்த வழி நல்லது?

கையால் தைத்த ஸ்போரன் ஒன்று. ஸ்காட்லாந்து மலைநாட்டு உடையில் கில்ட்டுக்கு, அதாவது ஆண்கள் இடுப்பில் கட்டும் மடிப்புப் பாவாடைக்கு, முன்னால் தொங்குமே, அந்தப் பை. தோல் நன்றாக வந்திருக்கிறது, தையல் சீராக இருக்கிறது, குஞ்சங்கள் மூன்றும் ஒரே நீளம். ஆனால் மேலே மாட்டிய உலோக வளைவு, கேன்ட்டில் என்பார்கள், நேற்றுக் கடையில் வாங்கிய குத்துவிளக்கு மாதிரி மின்னுகிறது. பையைப் பார்த்தால் நூறு வயது, உலோகத்தைப் பார்த்தால் ஒரு வாரம்.

அண்மையில் மூன்று பேர் இதையே கேட்டுவிட்டார்கள். ஒருவருக்கு ஸ்போரன், ஒருவருக்கு பெல்ட் பக்கிள், இன்னொருவருக்கு கில்ட் ஊசி. கேள்வி ஒன்றுதான்: எதைப் போட்டால் பழையதாகத் தெரியும்? பித்தளையில் களிம்பு ஏறினால் புளி போட்டுத் தேய்த்து விரட்டும் வீட்டில் வளர்ந்தவனிடம் களிம்பை எப்படி வரவழைப்பது என்று கேட்கிறார்கள். சரி, பார்க்கலாம்.

மருந்துக்கு முன்னால் நான்கு கேள்விகள்

முதல் கேள்வி, கையில் இருக்கும் உலோகம் எது என்பது. மற்றதெல்லாம் இதற்குப் பிறகுதான். கடையில் ‘வெள்ளி நிறம்’ என்று விற்பது ஐந்து வேறு பொருளாக இருக்கலாம்: உண்மையான வெள்ளி, ஜெர்மன் சில்வர், பியூட்டர், முலாம் போட்ட பித்தளை, குரோம் முலாம் போட்ட துத்தநாக வார்ப்பு. ஜெர்மன் சில்வரில் வெள்ளியே கிடையாது. செம்பு, நிக்கல், துத்தநாகம் சேர்ந்த கலவை. பியூட்டரில் பெரும்பகுதி வெள்ளீயம். காந்தம் ஒட்டினால் இரும்பு. மற்றபடி பின்பக்கத்தில், கண்ணுக்குத் தெரியாத இடத்தில், அரத்தால் ஒரு இழு இழுத்தால் குட்டு வெளிப்படும். மஞ்சளாக வந்தால் பித்தளை, சாம்பல் நிறத்தில் மங்கலாக வந்தால் துத்தநாகமாக இருக்கவே வாய்ப்பு அதிகம்.

அப்புறம், புதிய பித்தளை உருப்படிகள் பலவற்றின் மேல் கண்ணாடி போன்ற வார்னிஷ் பூச்சு இருக்கும். அது இருக்கும்வரை எந்த மருந்தும் உலோகத்தைத் தொடாது. அசிட்டோனில் ஊறவைத்தால் பெரும்பாலும் கழன்றுவிடும். சூட்டில் இறுகவைத்த பூச்சு என்றால் பெயின்ட் உரிக்கும் மருந்து வேண்டும்.

இரண்டாவது, எந்தக் காலத்துப் பழமை வேண்டும்? இதை யாரும் கேட்டுக்கொள்வதில்லை. மலைநாட்டு உடையில் ‘பழையது’ என்பது ஒரே தோற்றம் இல்லை. மலைநாட்டுக் கிளர்ச்சி தோற்ற கல்லோடன் போர் நடந்தது 1746இல். அதே ஆண்டு வந்த சட்டம் மலைநாட்டு உடையை ஆண்கள் அணியக் கூடாது என்று தடுத்தது. தடை நீங்க 1782 ஆயிற்று. தடைக்கு முந்தைய காலத்து ஸ்போரன் என்றால் தோல் பை, எளிய பித்தளை கேன்ட்டில், கைபட்டுக் கைபட்டுப் பழுப்பேறிய மஞ்சள். 1822இல் பிரிட்டிஷ் மன்னர் நான்காம் ஜார்ஜ் எடின்பரோவுக்கு வந்தார். எழுத்தாளர் வால்டர் ஸ்காட் முன்னின்று நடத்திய அந்த விழாவுக்குப் பிறகு கில்ட் நாகரிக உடையாகிவிட்டது. விக்டோரியா காலத்து வெள்ளி வேலைப்பாடெல்லாம் அந்த அலையில் வந்தவை. அவை மெருகு தேய்க்கப்பட்டு வந்த பொருள்கள். மேடெல்லாம் பளிச்சென்று இருக்கும், முடிச்சுக் கோலங்களின் பள்ளத்தில் மட்டும் கருமை தங்கியிருக்கும். முழுக்கக் கறுத்த வெள்ளி கேன்ட்டில் பழையதாகத் தெரியாது. அடுப்படியில் மறந்துபோன கரண்டியாகத்தான் தெரியும்.

மூன்றாவது, இது எதோடு உரசப்போகிறது? கில்ட் கம்பளித் துணி. ஸ்போரன் நாள் முழுக்க அதன் மேல் ஆடிக்கொண்டிருக்கும். பக்கிள் தோலோடு ஒட்டிக்கிடக்கும். ஸ்காட்லாந்து மழையைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. நிறம் உதிர்ந்தால் கறை படுவது ஒருவர் நிறையப் பணம் கொடுத்துத் தைத்த கில்ட்டில்.

நான்காவது, செட் பொருந்துமா, தவறினால் திரும்ப எடுக்க முடியுமா? கேன்ட்டில், சங்கிலி, பக்கிள், ஊசி எல்லாம் ஒருவர் உடம்பில் ஒன்றாகத் தெரியும். நான்கு கடையில் வாங்கிய நான்கு பித்தளை ஒரே மருந்தில் நான்கு நிறமாக வரும்.

கந்தகம்: வெள்ளிக்கும் செம்புக்கும்

நகைக்கடையில் ‘ஆக்சிடைஸ்டு’ என்று விற்கும் வெள்ளியை எல்லோரும் பார்த்திருப்போம். பெயர்தான் அப்படி, அதில் நடப்பது ஆக்சிஜன் வேலை இல்லை, கந்தகத்தின் வேலை. வெள்ளியின் மேல் வெள்ளி சல்ஃபைடு படிகிறது. இதற்குப் பட்டறைகளில் பயன்படுத்துவது ‘லிவர் ஆஃப் சல்ஃபர்’ என்ற பொட்டாசியம்-கந்தகக் கலவை. கட்டியாகவும் கூழாகவும் கிடைக்கும்.

பட்டாணி அளவு கட்டியை ஒரு கோப்பை வெதுவெதுப்பான நீரில் கரைத்து, பொருளை முக்கி எடுத்து, குளிர்ந்த நீரில் அலசி, மறுபடி முக்க வேண்டும். நிறம் படிப்படியாக ஏறும்: பொன் மஞ்சள், செம்பழுப்பு, ஊதா, நீலம், கடைசியில் கருஞ்சாம்பல். ஒரே தடவையில் ஊறப்போட்டால் படலம் தடித்து உரிந்துவிடும். கருமை வந்ததும் சமையல் சோடா கரைத்த நீரில் அலசி, மேடுகளை மெல்லிய ஸ்டீல் வூலால் தேய்த்துப் பளிச்சென்று கொண்டுவர வேண்டும். விக்டோரியா காலத்து வெள்ளித் தோற்றத்துக்கு இதைவிடப் பொருத்தமான வழி எனக்குத் தெரியவில்லை. மனம் மாறினால் மெருகு போட்டே எல்லாவற்றையும் எடுத்துவிடலாம்.

மறைந்திருக்கும் செலவு நாற்றம். அழுகிய முட்டை வாடை வீட்டை விட்டுப் போக ஒரு நாள் ஆகும். கட்டி வெளிச்சமும் காற்றும் பட்டால் வீரியம் இழக்கும்; ஆறு மாதம் கழித்துத் திறந்தால் வெறும் பொடிதான் இருக்கும். கூழ் கூடுதல் விலை என்றாலும் எப்போதாவது செய்பவருக்கு அதுதான் லாபம். இன்னொன்றை மறக்கவே கூடாது: வினிகரோ எலுமிச்சையோ எந்த அமிலமும் இதன் பக்கத்தில் வரக் கூடாது. வந்தால் ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயு கிளம்பும். அது வாடை மட்டுமில்லை, நஞ்சு.

இந்த மருந்து பித்தளையில் சரியாக ஏறாது. பலர் ஏமாறும் இடம் இதுதான். நகை செய்பவர்கள் ஒரு குறுக்கு வழி வைத்திருக்கிறார்கள். பலமுறை பயன்படுத்திச் செம்பு கரைந்துபோன அமிலக் குளியலில் பித்தளையோடு ஒரு இரும்புத் துண்டையும் போட்டால் மேலே மெல்லிய செம்புப் படலம் படியும். அமிலம் துளியும் மிச்சமில்லாமல் கழுவிய பிறகு, அந்தச் செம்பின் மேல் கந்தகம் ஏறும். வேலை செய்யும், ஆனால் அந்தக் குளியல் ஏற்கெனவே பட்டறையில் இருப்பவருக்குத்தான் இது வழி.

கட்டி வாங்கவே மனமில்லை என்றால் முட்டை இருக்கிறது. நன்றாக வெந்த முட்டையை உடைத்து நசுக்கி, மூடிய டப்பாவில் வெள்ளிப் பொருளோடு இரவு முழுக்க வைக்க வேண்டும். முட்டை பொருளைத் தொடக் கூடாது, ஆவி மட்டும் போதும். மெதுவாக ஏறும், மென்மையான சாம்பல் வரும். ஒரே ஒரு கில்ட் ஊசிக்கு நான் இதையே சொல்வேன்.

அம்மோனியா ஆவி: அழகானது, ஆபத்தும் உண்டு

பித்தளைக்கு மிக இயல்பான பழுப்பு வருவது அம்மோனியா ஆவியில்தான். மூடி இறுகும் பிளாஸ்டிக் டப்பா, அடியில் சிறு கிண்ணத்தில் அம்மோனியா, மேலே நூலில் தொங்கும் பித்தளை. நீர்மம் உலோகத்தில் படக் கூடாது. சில மணி நேரத்திலிருந்து ஒரு நாள் வரை விட்டு, அவ்வப்போது பார்த்துக்கொண்டால் போதும். உலோகத்தின் மேல் உப்புநீர் தடவிவிட்டு வைத்தால் பச்சையும் நீலமும் வரும். மண்ணுக்கடியில் கிடந்த காசுக்கு அது பொருத்தம், தினம் இடுப்பில் கிடந்த பொருளுக்குப் பொருந்தாது. இதில் உப்பைத் தொட வேண்டாம்.

ஆனால் இதற்கு ஒரு பழைய கதை இருக்கிறது, அது இந்தியாவில் நடந்தது. 19ஆம் நூற்றாண்டில் இங்கிருந்த பிரிட்டிஷ் ராணுவம் மழைக்காலத்தில் தோட்டாக்களைக் குதிரை லாயங்களில் அடுக்கி வைத்தது. மழை ஓய்ந்து எடுத்துப் பார்த்தால் பித்தளைக் குப்பிகள் தானாகவே விரிசல் விட்டிருந்தன. பருவத்தோடு சேர்ந்து வந்ததால் ‘பருவ விரிசல்’ என்றே பெயர் வைத்தார்கள். குதிரை மூத்திரத்திலிருந்து கிளம்பிய அம்மோனியா, காற்றின் ஈரம், குப்பியை இழுத்து உருவாக்கியபோது உலோகத்துக்குள் தங்கிய இறுக்கம், இந்த மூன்றும் சேர்ந்ததுதான் காரணம் என்பது 1921இல்தான் தெளிவாயிற்று.

ஸ்போரன்காரருக்கு இதில் என்ன இருக்கிறது? தகட்டை அழுத்தியும் வளைத்தும் செய்த கேன்ட்டிலில் அதே இறுக்கம் இருக்கிறது. கீல் பக்கத்திலும், வளைத்த பக்கிள் முள்ளிலும் இன்னும் அதிகம். ஒரு நாள் ஆவியில் வைத்தால் உடனே உடையும் என்று சொல்லவில்லை. நாள்கணக்கில் மறந்துவிட்டால், அல்லது ஆவி பட்ட பொருளைக் கழுவாமல் மாட்டிவிட்டால், பாரம் தாங்கும் இடத்தில் மயிரிழை விரிசல் விழலாம். பெல்ட் பக்கிளுக்கு அந்த ஆபத்து தேவையா? வார்ப்பு பித்தளையில் இந்த இறுக்கம் குறைவு. ஆகவே வார்த்த கேன்ட்டில், வார்த்த பொத்தான் என்றால் அம்மோனியா. வளைத்துச் செய்தது என்றால் வேறு வழி பார்ப்பது நல்லது.

மறைந்திருக்கும் செலவில் காற்றோட்டமும் சேரும். இது கொல்லைப்புற வேலை, சமையலறை வேலை இல்லை. பிளீச்சிங் நீர் இருக்கும் இடத்தில் திறக்கவே கூடாது, இரண்டும் கலந்தால் நச்சு வாயு. ஒவ்வொரு முறையும் நிறம் கொஞ்சம் மாறும் என்பதால், செட் பொருந்த வேண்டுமென்றால் எல்லாவற்றையும் ஒரே டப்பாவில் ஒரே நேரத்தில் தொங்கவிட வேண்டும்.

கடையில் விற்கும் கறுப்பு மருந்து

துப்பாக்கிக் குழாய்க்குப் பூசுவது, பித்தளைக்கென்றே விற்பது, பியூட்டருக்கென்று தனியாக விற்பது எனப் பல வகை உண்டு. பலவற்றில் செலினியம் சேர்மமும் செம்பு உப்பும் இருக்கும். கந்தகம் ஏறாத பித்தளையிலும் ஜெர்மன் சில்வரிலும் இது ஏறும், அதுவும் நொடிக்கணக்கில். அந்த வேகமே இதன் தொல்லையும்கூட.

புட்டியிலிருந்து அப்படியே ஊற்றினால் கரி மாதிரிக் கறுப்பு வரும், தொட்டால் விரலில் பொடி ஒட்டும். முதல் தடவை நான் இப்படித்தான் செய்தேன். பொத்தான்கள் அருமையாகக் கறுத்தன. அன்று மாலைக்குள் வெள்ளைக் கம்பளிக் காலுறையில் ஒரு சாம்பல் பட்டை. பிறகு கற்றுக்கொண்டது: ஒரு பங்கு மருந்துக்குப் பல பங்கு தண்ணீர், பஞ்சால் தொட்டுத் தொட்டு, பழுப்பு வந்ததும் நிறுத்தி, நன்றாக அலசி, உலர்த்தி, மெழுகு பூசுவது. பிரிட்டிஷ் மியூசியத்தில் உருவாக்கிய ரினைசான்ஸ் வாக்ஸ் என்ற மெழுகு இதற்கு நன்றாகப் பொருந்தும். டப்பா விலை அதிகம், ஆனால் நகக்கண் அளவு எடுத்தாலே ஒரு ஸ்போரனுக்குப் போதும்.

செலினியம் நஞ்சு, கையுறை இல்லாமல் தொடக் கூடாது. மிச்சத்தைச் சாக்கடையில் ஊற்றவும் கூடாது, ஆபத்தான கழிவு வாங்கும் இடத்தில் கொடுக்க வேண்டும். புட்டி விலையைக் கணக்குப் பார்ப்பவர்கள் இந்த அலைச்சலை விட்டுவிடுகிறார்கள். இன்னொரு சின்ன விஷயம்: ஈயமோ வெள்ளியோ வைத்துப் பற்றவைத்த இடம் வேறு நிறத்தில் எழுந்து நிற்கும். முன்பு தெரியாத ஒட்டுக்கோடு மருந்து போட்ட பின் தெரியும்.

வினிகரும் துருவும்: இரும்புக்கு மட்டும்

இரும்புப் பக்கிளை வினிகரில் ஊறவைத்து, காற்றில் துருப்பிடிக்க விட்டு, பிறகு கொதிநீரில் போட்டால் செந்துரு கறுப்பாக மாறும். பொடியைத் தேய்த்து எண்ணெய் பூசினால் அழகான கருநீலச் சாயல். செலவு என்று ஒன்றும் இல்லை.

ஆனால் தோலைக் கவனிக்க வேண்டும். மரப்பட்டையில் பதனிட்ட தோலில் டானின் இருக்கிறது. இரும்பு உப்பு அதில் பட்டால் மை மாதிரிக் கறுக்கும். கடுக்காயும் அன்னபேதியும் சேர்த்து மை காய்ச்சிய அதே வேதியியல்தான். கழுவிக் காயவைத்து மெழுகிடாத இரும்பை வெளிர் தோலில் ரிவெட் அடித்தால், முதல் மழையில் பக்கிளைச் சுற்றி ஒரு கரும் வளையம் விழும். அது போகாது.

பித்தளைக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. தோலில் ஊட்டிய கொழுப்பு செம்புக் கலவையோடு சேர்ந்து ரிவெட்டைச் சுற்றிப் பச்சையாக, மெழுகு மாதிரி பிதுங்கி நிற்கும். அதைப் பழமை என்று விட்டுவைப்பவர்கள் உண்டு. நான் துடைத்துவிடுவேன், தையல் நூலை அரிக்கும் என்ற பயத்தில்.

பெயின்ட்: முலாம் போட்டதற்கு வேறு வழியில்லை

குரோம் எந்த மருந்துக்கும் அசையாது. துத்தநாக வார்ப்பின் மேல் இருக்கும் முலாமை உப்புத்தாளால் தேய்த்துப் பார்த்தேன். கீழே செம்பு நிறத்தில் ஒரு படலம், அதற்கும் கீழே சாம்பல் உலோகம், கடைசியில் குப்பைத்தொட்டி. வீட்டில் முலாமை உரிக்க முயல வேண்டாம். கரும்பழுப்பு எண்ணெய் வண்ணத்தை நீர்த்துத் தடவி, பள்ளத்தில் தங்கவிட்டு, மேட்டைத் துணியால் துடைத்துவிடுங்கள். ஓரடி தள்ளி நின்றால் யாருக்கும் தெரியாது. பிடிக்காவிட்டால் பெயின்ட் கரைக்கும் தின்னரில் துடைத்தால் போயிற்று. நுணுக்கமான வேலைப்பாடு உள்ள பியூட்டருக்கும் இது ஒத்துவரும். பியூட்டரைத் தீயில் காட்டிக் கருக்க நினைக்காதீர்கள். வெள்ளீயம் 232 டிகிரி செல்சியஸிலேயே உருகும், பியூட்டரும் அந்தப் பக்கம்தான்.

ஒரு பார்வையில்

| வழி | பொருந்தும் உலோகம் | நேரம் | திரும்ப எடுக்க | கவனிக்க வேண்டியது |
|---|---|---|---|---|
| கந்தகக் கரைசல் | வெள்ளி, செம்பு | நிமிடங்கள் | எளிது | நாற்றம், அமிலம் கூடாது |
| முட்டை | வெள்ளி | ஓர் இரவு | எளிது | பொருளில் படக் கூடாது |
| அம்மோனியா ஆவி | வார்ப்பு பித்தளை | மணிக்கணக்கு | மெருகு போட வேண்டும் | வளைத்த பித்தளையில் விரிசல் |
| கறுப்பு மருந்து | பித்தளை, ஜெர்மன் சில்வர். பியூட்டருக்குத் தனி வகை | நொடிகள் | மெருகு போட வேண்டும் | நஞ்சு, கம்பளியில் கறை |
| வினிகர், துரு | இரும்பு | ஓரிரு நாள் | கடினம் | தோலில் கரும் வளையம் |
| பெயின்ட் | எல்லாமே, முலாம் உட்பட | அரை மணி | மிக எளிது | தேய்ந்து போகும் |

யாருக்கு எது

பதினெட்டாம் நூற்றாண்டுத் தோற்றத்தில் தோல் ஸ்போரன் செய்பவர் வார்ப்பு பித்தளை கேன்ட்டிலாகத் தேடி வாங்கி அம்மோனியாவுக்குப் போகலாம். அதற்கு முன்னால் ஒரு வேலை இருக்கிறது, பலர் விட்டுவிடுவது அதைத்தான்: ஓரங்களை மழுக்குவது. புதுப் பொருளின் விளிம்பு கூராக இருக்கும். நிறம் என்னதான் பழுத்தாலும் விளிம்பு கூராக இருந்தால் கண் ஏமாறாது. மெல்லிய உப்புத்தாளால், விரல் படும் இடங்களில் மட்டும், மூடி திறக்கும் நுனியிலும் வளைவின் மேல் விளிம்பிலும் தேய்த்துவிட்டுப் பிறகு மருந்துக்குப் போங்கள். உலோகத்துக்கு வயதைக் கூட்டுவதில் பாதி வேலை இங்கேயே முடிந்துவிடுகிறது.

மாலை விருந்துக்கு அணியும் ரோமம் வைத்த ஸ்போரன் என்றால், வெள்ளியோ ஜெர்மன் சில்வரோ, பள்ளத்தில் மட்டும் கருமை போதும். அந்த உடையே பளபளப்புக்காகப் போடுவது. பெல்ட் பக்கிளுக்கு நீர்த்த கறுப்பு மருந்தும் மெழுகும். திருமணத்துக்கு இரவல் வாங்கி அணியும் செட் என்றால் எதுவும் செய்யாதீர்கள்.

விற்பதற்காகச் செய்பவருக்கு இரண்டு சொல். பிரிட்டனில் 7.78 கிராமுக்கு மேற்பட்ட பொருளை வெள்ளி என்று சொல்லி விற்க வேண்டுமானால் ஹால்மார்க் முத்திரை வேண்டும். முத்திரைக் குழியில் மருந்து தேங்கினால் எழுத்து அடைபடும், அந்த இடத்தைக் கடைசியில் தனியாகத் துடைத்துத் தெளிவாக்குங்கள். கருக்கியது நீங்கள்தான் என்பதைச் சீட்டில் எழுதிக் கொடுங்கள். ஏமாற்றவில்லை என்று காட்ட மட்டுமில்லை, வாங்கியவர் பிராசோ மாதிரி உலோக மெருகு போட்டுத் தேய்த்து ஒரே மாலையில் உங்கள் வேலையைக் கழுவிவிடாமல் இருக்கவும்தான்.

காத்திருக்க முடிந்தவருக்கு இன்னொரு வழி இருக்கிறது. கம்பளியில் இயற்கையாகவே கந்தகம் உண்டு. வெள்ளிப் பொருளைக் கம்பளியோடு வைக்காதே என்று அருங்காட்சியகக்காரர்கள் சொல்வது அதனால்தான். காலுறையில் செருகும் சிறு கத்தியான ஸ்கீயன் டூவின் வெள்ளிப் பூண் கறுக்க, அந்தப் பழைய கம்பளிக் காலுறையிலேயே சுற்றி இழுப்பறையில் போட்டுவைத்தால் போதும். அடுத்த கல்யாணத்துக்கு எடுக்கும்போது பாருங்கள்.